காரைக்குடி வீட்டுத் தோட்டத்தில் சீமை அத்தி ஒற்றைக் குச்சியாக உயர்கிறது. கிளை பிரிய என்ன செய்வது?

நுனிமொட்டு இருக்கும்வரை அது மேலேதான் ஓடும். அங்கே சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழ்மொட்டுகளை எழவிடாது. தயங்காமல் வெட்டுங்கள். இரண்டரை அடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக. துளிர்ப்பதில் திசைக்கொன்றாகப் பிரிகிற மூன்று நான்கை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். நடுவில் வெளிச்சம் இறங்க வேண்டும்.

ஒரு பக்கம் மொட்டையாக நின்றால், அங்கே உறங்கும் மொட்டுக்கு நேர் மேலே பட்டையில் மட்டும் சின்னக் கீற்று எடுங்கள். புனே பக்கத்து அத்தி விவசாயிகளின் பழைய வழக்கம் இது, அருமையான முறை.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் மார்கழி, தையில் கவாத்து (கிளை வெட்டுதல்) செய்யலாம். சித்திரையில் வேண்டவே வேண்டாம்: செட்டிநாட்டு வெயிலில் நிழலிழந்த பட்டை வெந்து வெடித்துவிடும். வெட்டிய இடத்தில் வடியும் பால் பட்டால் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.