மொத்தச் சேமிப்பையும் கேம்கார்டரில் போடலாமா?

கேள்வி: நானும் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வார இறுதிகளில் வீட்டிலேயே குறும்படம் எடுக்க நினைக்கிறோம். ஒரு வருடம் சேர்த்த பணம் என் கையில் இருக்கிறது. அதை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் போட்டு ஒரு 4கே கேம்கார்டர் வாங்கலாமா? விளக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பதில்: தவணை வேண்டாம். படத்திலிருந்து வருமானம் வரும் என்று நீங்கள் எழுதவில்லை, ஆசைக்காக எடுக்கிறீர்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே விலை இறங்கத் தொடங்கும் பொருளுக்கு மாதாமாதம் வட்டி கட்டுவது உங்கள் சேமிப்பைத்தான் தின்னும். வட்டியே இல்லை என்று கடையில் சொன்னால், பிராசசிங் கட்டணம் எவ்வளவு, முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். கையில் இருப்பதையும் மொத்தமாக எடுக்காதீர்கள். அவசரச் செலவுக்கென்று மூன்று மாதச் செலவுத் தொகையாவது தனியாக இல்லையென்றால், முதலில் பாதியை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

நீங்கள் 'அப்புறம்' என்று தள்ளிய விளக்குக்கு வருகிறேன். வீட்டு உபயோகக் கேம்கார்டர்களில் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு, ரொம்பச் சின்னது, கைக்கடக்கமான உடம்பில் அவ்வளவு நீளமான ஜூம் கிடைப்பதே அதனால்தான். ராத்திரி ஒரே ஒரு ட்யூப்லைட் எரியும் அறையில் ஒருவரை உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் போதாமல் கேமரா தானாகவே கெயினை, அதாவது சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றும், கன்னத்திலும் பின்சுவரிலும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் ஊர ஆரம்பிக்கும். 4கே என்பதால் அது மறைந்துவிடாது. அதே ஆளைப் பகலில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்து எடுங்கள், பழைய கேமராவில்கூட முகம் பளிச்சென்று வரும்.

அதனால் ஒதுக்கும் தொகையை 100 பங்கு என்று வைத்தால், கேமராவுக்கு 50-ஐத் தாண்டாதீர்கள். விளக்குக்கு 20, மைக்குக்கு 15, மிச்சத்தில் ட்ரைபாட், மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி. 4கே-க்குப் பின்னால் வரும் செலவையும் யோசியுங்கள்: நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி ஆகும், அதைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க் வேண்டும், எடிட் செய்யத் தெம்பான கம்ப்யூட்டர் வேண்டும். ஃபுல் ஹெச்டி உங்களுக்குத் தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

கேமரா செகண்ட் ஹேண்டாக இருக்கட்டும். எடுத்த படத்தை வெறுமனே பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் எண்ணைப் பார்த்து மயங்காமல், லென்ஸே நெருக்கிக் காட்டும் ஆப்டிகல் ஜூமை மட்டும் பாருங்கள், வெளி மைக் செருக ஜாக் இருக்கிறதா, எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது) கையால் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். காசு கொடுக்கும் முன் லென்ஸை மூடி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் சென்சாரில் கோளாறு. திரையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், அந்தக் கீலுக்குள் போகும் வயர்தான் சீக்கிரம் போகும்.

விளக்குக்குப் பெரிய செட் தேவையே இல்லை. எல்.இ.டி. போதும், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று 100 வரை அளக்கும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருக்கட்டும், குறைந்தால் தோலின் நிறம் சோகை பிடித்ததுபோல் வரும். ஜன்னல் வெளிச்சத்தோடு சேர்த்து எரிப்பதாக இருந்தால் பகல் வெளிச்சத்தின் நிறமான 5600 கெல்வின் விளக்கு வாங்குங்கள், மஞ்சள் பல்பையும் அதையும் ஒரே காட்சியில் கலக்காதீர்கள். இன்னொன்று, இதற்குக் காசே செலவில்லை: 2 மீட்டர் தள்ளி இருக்கும் விளக்கை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் முகத்தில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இன்னும் மூன்று விளக்கு வாங்குவதற்கு முன் இருக்கிற ஒன்றை நகர்த்திப் பாருங்கள். முன்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் நிழலின் ஓரம் மென்மையாகும். ஹாலஜன் விளக்காக இருந்தால் மட்டும் துணியை நெருங்கவே விடாதீர்கள், தீப்பிடிக்கும். படம் மினுமினுத்தால் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, மின்சாரத்துக்கு ஏற்ப வையுங்கள், 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50 நொடி, 60 என்றால் 1/60 நொடி.

வாங்கும் வரிசையையும் மாற்றச் சொல்வேன். முதலில் விளக்கும் மைக்கும் வாங்கி, மூவரில் நல்ல ஃபோன் வைத்திருப்பவரின் ஃபோனிலேயே ஒரு படத்தை முடியுங்கள். அடுத்த படத்துக்கு ஒரு கேம்கார்டரை இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். மூன்று பேரும் பணம் போடுவதாக இருந்தால், கேமரா யார் பெயரில், ரிப்பேர் வந்தால் யார் கொடுப்பது, ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்த விலையில் கணக்குப் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.