இணைப்பு எந்த டேப்பில் திறக்க வேண்டும்? – கேள்வி பதில்

ஒரே பொருள் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். விசைகளைக் குறிப்பிடும்போது விண்டோஸ், லினக்ஸ் கணினிகளையே மனத்தில் கொண்டுள்ளேன். மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் என்று வரும் இடங்களில் கமாண்ட் என்று படித்துக்கொள்ளவும்.

கேள்வி: ஐயா, கட்டுரை ஒன்றைப் படிக்கும்போது அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கினால், படித்துக்கொண்டிருந்த பக்கமே மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வலப் பொத்தானை அழுத்திப் பட்டியலில் தேடாமல் புதிய டேப்பில் திறக்க வழி உண்டா?

பதில்: உண்டு. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் இணைப்பு புதிய டேப்பில், பின்னணியில் திறக்கும். மவுஸின் நடுச்சக்கரத்தை இணைப்பின் மேல் அழுத்தினாலும் அதுவே நடக்கும். கண்ட்ரோலுடன் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் புதிய டேப் திறப்பதோடு பார்வையும் அங்கே போய்விடும். ஷிஃப்டை மட்டும் அழுத்தினால் தனிச் சாளரம். மவுஸைத் தொடாதவர்கள், டேப் விசையால் இணைப்புக்கு வந்து கண்ட்ரோலுடன் என்டரை அழுத்தலாம். பலரும் கவனிக்காத ஒன்று: குரோமிலும் பயர்பாக்ஸிலும் இதே நடுச்சக்கரத்தைப் 'பின்செல்' பொத்தானின் மேல் அழுத்தினால், இப்போதைய பக்கம் அப்படியே இருக்க, முந்தைய பக்கம் புதிய டேப்பில் வரும்.

கேள்வி: பின்னணியில் திறப்பது எனக்குப் பிடிக்கவில்லை. புதிய டேப் திறந்தவுடன் அங்கேயே போக வேண்டும். நிரந்தரமாக மாற்ற முடியுமா?

பதில்: பயர்பாக்ஸின் அமைப்புகளில், பொதுப் பகுதியில் டேப்கள் என்ற தலைப்பின் கீழ் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது, சஃபாரியிலும் உண்டு. அதைத் தேர்ந்த பின் ஷிஃப்டின் வேலை தலைகீழாகி, அதைச் சேர்த்து அழுத்தும்போதுதான் டேப் பின்னணியில் திறக்கும். குரோமில் அப்படிப்பட்ட அமைப்பு இல்லை என்பதால், ஷிஃப்டைச் சேர்த்து அழுத்தும் பழக்கமே கைகொடுக்கும்.

கேள்வி: என் சிக்கல் நேர்மாறானது. சில தளங்களில் எதைச் சொடுக்கினாலும் புதிய டேப்பில்தான் திறக்கிறது. அரை மணி நேரத்தில் இருபது டேப்கள் சேர்ந்துவிடுகின்றன. இதைத் தடுக்க என்ன செய்வது?

பதில்: அந்தத் தளத்தை எழுதியவர் இணைப்பின் நிரலில் 'டார்கெட்' என்ற பண்புக்கு 'அண்டர்ஸ்கோர் பிளாங்க்' என்ற மதிப்பைக் கொடுத்திருக்கிறார். சாதாரண இணைப்பைப் புதிய டேப்புக்கு அனுப்ப மூன்று வழிகள் இருக்கும்போது, இப்படி எழுதப்பட்ட இணைப்பை இதே டேப்பில் நிறுத்த ஒரு விசைகூட இல்லை என்பதே இந்த ஏற்பாட்டின் பெரிய குறை என்பது என் கருத்து.

அவ்வப்போது மட்டும் தேவைப்படுவோருக்கு ஓர் எளிய உத்தி உண்டு. இணைப்பைச் சொடுக்காமல் மவுஸால் பிடித்து மேலே இழுத்துச் சென்று, நீங்கள் இருக்கும் டேப்பின் தலைப்பின் மேலேயே விட்டால், அது அதே டேப்பில் திறக்கும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் பயர்பாக்ஸில் வழி இருக்கிறது. முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, வரும் எச்சரிக்கையை ஏற்று, 'பிரவுசர்.லிங்க்.ஓபன்_நியூவிண்டோ' என்ற அமைப்பைத் தேடுங்கள். அதன் இயல்பான மதிப்பு 3, அதாவது புதிய டேப். 2 என்றால் புதிய சாளரம். 1 என்று மாற்றினால் பெரும்பாலான இணைப்புகள் இருக்கும் டேப்பிலேயே திறக்கும். ஆனால், உள்நுழைவுக்காகவோ பணம் செலுத்துவதற்காகவோ இன்னொரு பக்கத்தைத் திறந்து முதல் பக்கத்தோடு பேசவைக்கும் தளங்கள் இந்த மாற்றத்தால் தடுமாறக்கூடும். அப்போது மதிப்பைத் தற்காலிகமாக 3-க்குத் திருப்புங்கள்.

குரோமில் இதற்கு நீட்சிகளை, அதாவது உலாவியில் கூடுதலாக நிறுவும் சிறு நிரல்களைத்தான் நாட வேண்டும். அத்தகைய நீட்சிகள் பெரும்பாலும் நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். டேப் பெருகும் தொல்லைக்காக அவ்வளவு பெரிய சாவியை முன்பின் அறியாதவரிடம் கொடுக்க வேண்டுமா என்று யோசித்துவிட்டு நிறுவுங்கள். என்னைக் கேட்டால் இழுத்து விடும் உத்தியே போதும்.

கேள்வி: நான் ஒரு தளம் நடத்துகிறேன். வாசகர்கள் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக வெளி இணைப்புகள் அனைத்தையும் புதிய டேப்பில் திறக்கும்படி வைத்திருக்கிறேன். இது சரிதானே?

பதில்: பெரும்பாலும் சரியில்லை என்றே சொல்வேன். வாசகர் திரும்பி வரப் பயன்படுத்துவது பின்செல் பொத்தான். புதிய டேப்பில் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் எந்த வரலாறும் இல்லாததால் அது வேலை செய்யாது. தான் வேறு டேப்பில் இருப்பதை உணராதவர், குறிப்பாகச் சிறு திரையில் படிப்பவரும் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானின் துணையோடு படிப்பவரும், அங்கேயே திகைத்து நிற்பார். இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதலோடு வெளியிடப்பட்டுள்ள நுட்பங்களில், தேவையானபோது மட்டுமே புதிய டேப்பைத் திறக்க வேண்டும் என்று ஒன்றும், திறப்பதானால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று இன்னொன்றும் இருக்கின்றன.

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின், 1999-இல் வந்த 4.01-ஆம் பதிப்பின் கண்டிப்பான வடிவத்தில் டார்கெட் பண்புக்கு இடமே இல்லை. 2014-இல் பரிந்துரையான எச்டிஎம்எல் 5-இல்தான் அது முழு உரிமையோடு திரும்பி வந்தது. ஆகவே இந்த வாதம் புதிதன்று.

விதிவிலக்குகள் உண்டு. வாசகர் பாதி நிரப்பிய நீண்ட படிவத்தின் நடுவே விதிமுறைகளுக்கான இணைப்பு இருந்தால், அதைப் புதிய டேப்பில் திறப்பதே நியாயம், ஏனெனில் அதே டேப்பில் திறந்தால் எழுதியவை அழிய வாய்ப்புண்டு. ஓடிக்கொண்டிருக்கும் காணொளியின் பக்கமும் அப்படியே. அத்தகைய இடங்களில் இணைப்பின் சொற்களிலேயே 'புதிய டேப்பில் திறக்கும்' என்று எழுதிவிடுங்கள். வெறும் அம்புக்குறிப் படம் எல்லோருக்கும் புரியாது.

கேள்வி: அப்படித் திறக்கும் இணைப்புகளில் 'நோஓப்பனர்' சேர்க்க வேண்டும் என்கிறார்களே, இன்றும் அவசியமா?

பதில்: முன்பு, புதிய டேப்பில் திறந்த பக்கத்துக்குத் தன்னைத் திறந்த பக்கத்தின் மேல் ஒரு பிடி கிடைத்தது. தீய எண்ணம் கொண்ட தளம் அந்தப் பிடியைக் கொண்டு, பின்னால் இருக்கும் உங்கள் பக்கத்தை அச்சு அசலான போலி உள்நுழைவுப் பக்கமாக மாற்றிவிட முடியும். வாசகரும் பழைய டேப்புக்குத் திரும்பிக் கடவுச்சொல்லை ஐயமின்றித் தட்டிவிடுவார். அந்தப் பிடியைத் துண்டிக்கத்தான் இணைப்பின் நிரலில் நோஓப்பனர் என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். சஃபாரி 2019-இலும், பயர்பாக்ஸ் 2020-இல் வந்த 79-ஆம் பதிப்பிலும், குரோம் 2021-இல் வந்த 88-ஆம் பதிப்பிலும் 'பிளாங்க்' இணைப்புகளுக்கு இந்தப் பிடியைத் தாமாகவே துண்டிக்கத் தொடங்கின. பழைய உலாவிகளில் வருவோரை நினைத்து இன்றும் எழுதிவைப்பதில் இழப்பு எதுவும் இல்லை. 'நோரெஃபரர்' என்பது இதையும் செய்து, வாசகர் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்பதையும் மறைக்கும். மறைக்கத் தேவை இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தளத்தில் நான் உருவாக்கிய இணைப்புப் பட்டியலில் கண்ட்ரோலை அழுத்திச் சொடுக்கினாலும் அதே டேப்பில்தான் திறக்கிறது. உலாவியின் பிழையா?

பதில்: பிழை உலாவியில் இல்லை. பார்வைக்கு இணைப்பு போல இருந்தாலும், அது ஜாவாஸ்கிரிப்டால், அதாவது பக்கத்துக்குள் இயங்கும் நிரலால், முகவரியை மாற்றும் வெறும் பெட்டியாக இருக்கும். உலாவிக்கு அதன் முகவரி தெரியாதபோது அதைப் புதிய டேப்பில் எப்படித் திறக்கும்? முகவரியோடு கூடிய உண்மையான இணைப்புக் குறியை இடுங்கள். அதன் மேல் நிரல் இயங்கத்தான் வேண்டும் என்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், கமாண்ட் ஆகியவற்றில் எது அழுத்தப்பட்டிருந்தாலும் நிரல் ஒதுங்கிக்கொண்டு உலாவியின் போக்குக்கு விட்டுவிடும்படி எழுதுங்கள்.

கேள்வி: கைபேசியில் புதிய டேப்பில் திறப்பது எப்படி?

பதில்: இணைப்பின் மேல் விரலை அழுத்தி வைத்திருந்தால் பட்டியல் வரும். ஐபோனில் சஃபாரியின் அமைப்புகளுக்குள் சென்றால், டேப் முன்னே திறக்க வேண்டுமா பின்னணியிலா என்பதையும் தேர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: என் தளத்தில் அருஞ்சொற்பொருள் இணைப்புகள் நிறைய உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப் என்றில்லாமல், எல்லாம் ஒரே இரண்டாவது டேப்பில் மாறி மாறித் திறக்குமாறு செய்ய இயலுமா?

பதில்: இயலும். டார்கெட் பண்பில் 'பிளாங்க்' என்பதற்குப் பதிலாக நீங்களே ஒரு பெயரை இடுங்கள். முதல் சொடுக்கில் அந்தப் பெயரோடு ஒரு டேப் திறக்கும்; அடுத்தடுத்த இணைப்புகள் அதே டேப்பில் வரும். இதில் நோஓப்பனரைச் சேர்த்தால் பெயர் பயனற்றுப் போய் ஒவ்வொரு முறையும் புதிய டேப் திறக்கும். சேர்க்காவிட்டால் மேலே சொன்ன பிடி துண்டிக்கப்படாது, ஏனெனில் உலாவிகள் தாமாகத் துண்டிப்பது 'பிளாங்க்' இணைப்புகளுக்கு மட்டுமே. எனவே இந்த வழியை உங்கள் சொந்தப் பக்கங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறருடைய தளங்களுக்குச் செல்லும் இணைப்புகளில் தவிர்த்துவிடுங்கள்.