சாவி இல்லாத சக்கர நட்டு: சத்துவாச்சாரித் தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி, வயதில் சின்னவள் என்று நீயே சொல்லியிருப்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன், கோவித்துக்கொள்ளாதே. உன் கேள்வியை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், பின்னால் இதே தலைவலியோடு வருகிறவர்களுக்கும் புரியட்டும். இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாய், முன்பக்க டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. மாற்றப் போனால் டயர் கடையில் "லாக்கிங் நட் சாவி எங்கே" என்று கேட்டு, இல்லை என்றதும் கையை விரித்துவிட்டார்கள். காரை விற்றவர் போனை எடுப்பதில்லை. கூட வேலை செய்கிற பெண்ணின் கணவர் சுத்தியலோடு வருகிறேன் என்கிறார். "நம்ம வேலூரா இருந்தா அஞ்சு நிமிஷத்துல கழட்டிக் குடுத்திருப்பாங்க அக்கா" என்று முடித்திருக்கிறாய்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நான் இப்போது வேலூரில்தான் இருக்கிறேன். லீவுக்குக் காட்பாடி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. என் தம்பி உன் சத்துவாச்சாரியில்தான் பைபாஸ் ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறான், நேற்று அவனிடமே நீ அனுப்பிய நட்டு போட்டோவைக் காட்டினேன். கிரீஸ் விரலை லுங்கியில் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இன்னாக்கா இது, நட்டுக்குக் கூடவா பூட்டு போட்டு கீறாங்கோ?" என்றான். லாரி டயரிலேயே காலம் தள்ளுகிறவன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதன் தலையில் இன்னொரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து ஸ்பேனர் போட்டால் வந்துவிடும் என்றான். அவன் சொன்னது தப்பே இல்லை, இங்கிலாந்திலும் எதற்கும் மசியாத நட்டுக்குக் கடைசியில் அதைத்தான் செய்கிறார்கள். அந்த டயர் கடைப் பையனுக்கு வேலை தெரியாமல் கை விரிக்கவில்லை. உன் அலாய் வீலில் கீறல் விழுந்தால் கடை பதில் சொல்ல வேண்டும், அந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும். எனக்குக் குறைய ஆறு வருஷம் ஆனது.

இந்த நட்டு என்னவென்று பார்த்துவிடுவோம். அலாய் வீல் திருடர்களுக்காகச் சக்கரத்துக்கு ஒன்று வீதம் நாலு நட்டை மட்டும் வேறு மாதிரி செய்திருப்பார்கள், மற்றவை சாதாரண ஆறுமூலை நட்டுதான். சில கம்பெனிக் கார்களில் நட்டுக்குப் பதில் போல்ட்டு இருக்கும், கதை ஒன்றுதான். தலையில் பூ மாதிரியோ அலை மாதிரியோ ஒரு வடிவம், அதற்கு எதிர்வடிவம் வெட்டிய இரும்புக் குப்பிதான் 'சாவி'. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் அந்த வடிவம், மறுபக்கம் வீல் ஸ்பேனர் மாட்டுவதற்கு ஆறுமூலை. பார்த்தால் சாவி என்றே தோன்றாது, அதனால்தான் கார் கழுவுகிறவர்கள் ஏதோ உடைந்த சாமான் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

நீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று நம்மூரைக் கிண்டல் செய்வார்களே, அதில் சாமி எங்கேயும் தொலைந்துபோகவில்லை. ஜலகண்டேஸ்வரர் உங்கள் சத்துவாச்சாரியில்தான் பத்திரமாக இருந்தார், 1981இல் கோட்டைக்குள் திரும்ப வந்தார். உன் சாவியும் பெரும்பாலும் அப்படித்தான், பக்கத்திலேயே எங்கேயாவது உட்கார்ந்திருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் இங்கிலாந்துக்குப் போன இரண்டாவது வருஷம், நைட் டியூட்டி முடிந்து வரும்போது ஒரு பள்ளத்தில் விட்டுப் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. விடியவில்லை, ஜனவரி, குளிரில் கை மரத்துப்போயிருக்கிறது. அந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் அடைக்கிற திரவப் பாட்டிலும் ஒரு சின்ன காற்றடிக்கும் பம்பும் மட்டும்தான், பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அது எதற்கு ஆகும்? பிரேக்டவுன் வண்டிக்காரர் வந்து சாவியைக் கேட்டார், நான் கார்ச் சாவியை நீட்டினேன். அவர் சிரிக்காமல் இருந்தது இன்றுவரை எனக்கு ஆச்சரியம். டேஷ்போர்டு டப்பா, கதவுப் பை, சீட்டுக்கு அடி என்று டார்ச் அடித்துத் தேடினோம், இல்லை. காரைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் விட்டு, நட்டுகளை உடைத்து எடுக்க 90 பவுண்டு கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து டிக்கிக்கு அடியில் அந்தத் திரவப் பாட்டிலைக் குப்புறக் கவிழ்த்தபோது தெர்மாகோல் தட்டின் குழியிலிருந்து 'டொக்' என்று விழுந்தது சாவி.

அதனால் நீ முதலில் அந்தத் தட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்துத் தட்டு. ஜாக்கி, இழுவைக் கொக்கி வைக்கிற குழிகளை விரலால் தடவிப் பார். கையேடு இருக்கிற பையைக் கொட்டிப் பார், நடு ஆர்ம்ரெஸ்ட் பெட்டியின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார். அப்புறம் பழைய பில்கள் இருந்தால் கடைசியாக டயர் மாற்றிய கடை எது என்று பார்த்து அங்கே ஒரு போன் போடு. நாலாவது சக்கரம் மாட்டி முடித்துச் சாவியை மேசையிலேயே மறந்துவிடுவது அந்தக் கடைகளில் சாதாரணம், அப்படி மறந்தவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள்.

கிடைக்கவில்லையா? சரி, அடுத்து உன் கார்க் கம்பெனியின் டீலர். நட்டு கம்பெனி போட்டதாக இருந்தால் வடிவங்கள் ஒரு கணக்குக்குள்தான் இருக்கும், அவற்றின் சாவிகளை ஒரு செட்டாக டீலர் ஒர்க்‌ஷாப்பில் வைத்திருப்பார்கள், ஒன்றொன்றாக வைத்துப் பார்த்து உன்னுடையதைக் கழற்றித் தருவார்கள் அல்லது எண்ணைச் சொல்லிப் புதுச் சாவி வரவழைப்பார்கள். கார் உன் பேரில் இருக்கிறது என்பதற்கு வி5சி தாளையும் (காரின் பதிவுத் தாள்) உன் அடையாள அட்டையையும் கொண்டுபோ. முன்னால் வைத்திருந்தவர் வெளியே வாங்கிப் போட்ட நட்டு என்றால் டீலரால் உதவ முடியாது, அந்த நட்டுக் கம்பெனி கொடுத்த குறியீட்டு எண் அட்டை கையேட்டுக்குள் இருந்தால் அதை வைத்துச் சாவி ஆர்டர் செய்யலாம்.

அதுவும் இல்லையென்றால்தான் உடைப்பு. சுத்தியலோடு வருகிறேன் என்கிற அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன், அவர் சொல்கிற முறை உண்மையிலேயே வேலை செய்யும். நட்டின் தலையைவிட ஒரு நூல் சின்னதான, உள்ளே பன்னிரண்டு பல் உள்ள பாக்ஸ் ஸ்பேனரை அதன்மேல் வைத்து அடித்து ஏற்றி, நீளமான கம்பி மாட்டி இடப்பக்கமாகத் திருகினால் பல நட்டு வந்துவிடும். இதற்கென்றே உள்ளே எதிர்ப்புரி வெட்டிய சாக்கெட்டுகளும் விற்கிறார்கள், திருகத் திருக நட்டைக் கடித்துக்கொண்டு போகும், என்னைக் கேட்டால் பாக்ஸ் ஸ்பேனரைவிட அதுதான் மேல். ஆனால் சில விஷயம் அவரிடம் கேட்டுக்கொள். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் வைத்துத்தான் அடிக்கவும் திருகவும் வேண்டும், ஜாக்கியில் தூக்கிய காரை அடித்தால் அது அவர் காலில் இறங்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், அந்த நட்டு கெட்டிப்படுத்திய எஃகு, சில்லாகத் தெறிக்கும். நட்டு உட்கார்ந்திருக்கும் குழிக்குள் சாக்கெட்டின் சுவர் நுழைகிறதா என்று முதலில் பார்க்கட்டும், நுழையாமல் அடித்தால் அடி அலாயில்தான் விழும்.

இன்னொன்றுதான் பெரிய வில்லங்கம். நட்டின் வெளிப்பக்கத்தை விரலால் சுற்றிப் பார். வளையம் மாதிரி தனியாகச் சுழன்றால், சுத்தியல் அண்ணனுக்குச் சாயா கொடுத்து அனுப்பிவிடு. அதன்மேல் எதை அடித்து ஏற்றினாலும் ஓடு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே நட்டு அசையாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும், அல்லது டிரில்லோ வெல்டிங்கோதான், அதைத் தெருவில் நின்று செய்யக்கூடாது. இந்த வேலையை மட்டுமே செய்கிற ஆட்கள் வேனில் வீட்டுக்கே வருவார்கள். கூப்பிடும்போதே போட்டோ அனுப்பி, ஒரு நட்டுக்கு எவ்வளவு, நாலுக்கு எவ்வளவு, வீலில் அடி பட்டால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள். நான் அன்று கேட்காமல் விட்டதில் ஒரு வீலில் பிறைநிலா மாதிரி ஒரு தழும்பு மிச்சம்.

முன்னால் இரண்டை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைக்காதே, நாலையும் ஒரே நாளில் எடுத்துவிடு. என் கருத்து, அவற்றின் இடத்தில் சாதாரண நட்டே போட்டுக்கொள். பூட்டு நட்டுதான் வேண்டும் என்று மனசு சொன்னால் போடு, ஆனால் சாவியை எங்கே வைத்தாய் என்று போட்டோ எடுத்து வை. புது நட்டு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோ, மரை அளவு மட்டும் ஒத்தால் போதாது, வீலில் உட்காருகிற அடிப்பகுதி கூம்பா உருண்டையா தட்டையா என்பதும் ஒத்திருக்க வேண்டும், மாறினால் ஓட்டத்தில் தளர்ந்துவிடும்.

அதுவரை அந்த டயரோடு சுற்றாதே. அங்கே டயரின் நடு முக்கால் பங்கு அகலத்தில் சுற்றளவு முழுக்க 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளியும். உனக்கு இரண்டு டயர். நீ அங்கே டெஸ்ட் பாஸ் செய்து உரிமம் எடுத்தவள் என்றால், முதல் 2 வருஷத்துக்குள் 6 புள்ளி வந்தாலே உரிமம் ரத்து, கணக்கு நீயே போட்டுக்கொள். பஸ்ஸில் போ, கொஞ்ச நாள்தானே.

மாட்டும்போது யார் மாட்டினாலும் ஏர் கன் வைத்துப் பூட்டு நட்டை இறுக்க விடாதே, சாவி உடைவதே பெரும்பாலும் அதில்தான். கையால் முடுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்குகிற ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல், சின்னக் கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை பரவலாக இருக்கும், உன் காருக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார். மரையில் எண்ணெய் தடவ வேண்டாம். ஒரு 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் வந்து இந்த வேலையில் இறங்காதே. தட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொல். கிடைக்கவில்லையென்றால் நட்டின் தலையை நேராகக் கிட்டத்தில் ஒரு போட்டோ, ஓடு சுழல்கிறதா என்று ஒரு சின்ன வீடியோ, இரண்டும் அனுப்பு. உடைத்து எடுத்தால் ஒரு பழைய நட்டை மட்டும் எடுத்து வை, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லி என் தம்பி கேட்கிறான், கடையில் மாட்டி வைப்பானாம்.