இரண்டு மேடைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் மூன்று தலைமுறையாக இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ இயக்கத்துக் குடும்பம். ஊர் நாகர்கோவில் பக்கம். அதைத் தொடங்கிய ஜெனரல் வில்லியம் பூத் பற்றி ஞாயிறுப் பள்ளியில் நிறையச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவருடைய மனைவி கேத்தரின் அம்மையாரைப் பற்றிக் கேட்டால் ‘சேனையின் தாய்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இப்போது கன்வென்ஷன் என்கிற பெரிய நற்செய்திக் கூட்டங்களின் சுவரொட்டிகளில் எல்லாம் கணவனும் மனைவியுமாகப் படம் போடுகிறார்கள். கணவர் பெயர் பெரிதாக இருக்கும், மனைவி பெயர் அடியில் சிறிதாக இருக்கும். மேடையில் அந்த அம்மா ஒரு பாட்டுப் பாடி, கொஞ்சம் ஜெபித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இந்த ஜோடி ஊழியமே அமெரிக்க டி.வி. பிரசங்கிகளைப் பார்த்து வந்த பழக்கம் என்கிறான் என் தம்பி. கேத்தரின்தான் எல்லாம், ஜெனரல் பெயருக்குத்தான் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். எது சரி? எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் இருவரும் பிரசங்கத்துக்காக ஊர் ஊராகப் போனது நியாயம்தானா என்றும் கேட்கத் தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. அமெரிக்கா சரி, டி.வி. தவறு. 1859இல் நியூயார்க்கிலிருந்து வால்ட்டர் பாமர் என்ற மருத்துவரும் அவர் மனைவி ஃபீபியும் இங்கிலாந்து வந்து, நான்கு வருடம் ஊர் ஊராக, மக்களின் பக்தியைத் தூண்டும் எழுப்புதல் கூட்டங்கள் நடத்தினார்கள். கணவர் வேதம் வாசித்துக் கூட்டத்தைத் தொடங்கிவைப்பார். ஜனங்கள் கூடியதோ மனைவியின் பேச்சைக் கேட்க. நீங்கள் பார்க்கும் சுவரொட்டிக்கு நேர் தலைகீழ்!

வட இங்கிலாந்தில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, சண்டர்லாந்து போதகர் ஒருவர் பெண் பிரசங்கிப்பது வேதத்துக்கு விரோதம் என்று ஒரு துண்டு நூல் போட்டார். பக்கத்தில் கேட்ஸ்ஹெட்டில் மெதடிஸ்ட் போதகராக இருந்தவர் வில்லியம் பூத். அவர் மனைவி கேத்தரின் அதைப் படித்துவிட்டுக் கொதித்துப்போனார். பதிலுக்குத் தானே ஒரு நூல் எழுதி 1859 இறுதியில் அச்சிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது, வீட்டில் மூன்று குழந்தைகள், நான்காவது வயிற்றில். அதுவரை ஒருமுறைகூடப் பிரசங்க மேடை ஏறாதவர். பெண்கள் பேசலாம் என்று வாதாடி எழுதியவர், தான் பேசத் துணியவில்லை.

வில்லியமும் இந்த விஷயத்தில் ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தவர் அல்ல. திருமணத்துக்கு முன் எழுதிய கடிதத்தில், ஒரு பெண் பிரசங்கித்தால் தடுக்கமாட்டேன், ஆனால் தொடங்கச் சொல்லித் தூண்டவும் மாட்டேன் என்கிற தொனியில் சொல்லியிருக்கிறார். பல நல்ல கணவர்கள் இன்றும் நிற்கிற இடம் இதுதான்.

1860 பெந்தெகொஸ்தே ஞாயிறு. கேட்ஸ்ஹெட் பெதஸ்தா ஆலயத்தில் வில்லியம் பிரசங்கத்தை முடிக்கிற நேரம், கேத்தரின் இருக்கையிலிருந்து எழுந்து முன்னால் போனார். மனைவிக்கு உடம்புக்கு ஏதோ என்று வில்லியம் பதறினார். ‘ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்’ என்றார் கேத்தரின். தேவன் பேசச் சொல்லியும் இத்தனை காலம் கீழ்ப்படியாமல் இருந்துவிட்டேன் என்று சபை முன்னால் அறிக்கை செய்தார். எல்லாரும் உன்னை முட்டாள் என்று நினைப்பார்கள் என உள்ளே ஒரு குரல் தடுத்ததாகவும், கிறிஸ்துவுக்காக முட்டாளாக இதுவரை இருந்ததில்லை, இனி இருந்து பார்க்கிறேன் என்று அதற்குப் பதில் சொன்னதாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வில்லியம் அங்கேயே, இன்று மாலை என் மனைவி பிரசங்கிப்பார் என்று அறிவித்துவிட்டார். அவரைப் பற்றி எனக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த ஒரு அறிவிப்புக்காக அவரை எப்போதும் மதிப்பேன். யோசித்துச் சொல்கிறேன், கமிட்டியைக் கேட்கிறேன் என்றெல்லாம் இழுக்கவில்லை.

சில மாதங்களில் வில்லியம் நோயில் விழுந்து சிகிச்சைக்கு வெளியூர் போக வேண்டியதாயிற்று. அவருடைய சேகரத்து (அவர் பொறுப்பிலிருந்த சபைகளின்) பிரசங்கங்களைக் கேத்தரின் ஏற்றுக்கொண்டார். சபை ஒன்றும் இடிந்து விழவில்லை.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அதற்கு அடுத்த ஐந்து வருடங்களில் இருக்கிறது. ஞாயிறுப் பள்ளிப் பாடங்கள், 1865இல் லண்டனில் இயக்கம் தொடங்கியதில் ஆரம்பித்து, 1878இல் சேனை என்று பெயர் மாறியதற்குத் தாவிவிடும். அதற்கு முன் இவர்கள் வீடு வாசல் இல்லாத சுற்றுப் பிரசங்கிகளாக அலைந்த காலத்தை யாரும் விரித்துச் சொல்வதில்லை.

வில்லியமுக்கு ஒரே சேகரத்தில் கட்டுண்டு கிடக்க முடியவில்லை. ஊர் ஊராகப் போய் எழுப்புதல் கூட்டம் நடத்த அனுமதி கேட்டார். 1861இல் லிவர்பூலில் கூடிய அவருடைய மெதடிஸ்ட் பிரிவின் மாநாடு, சேகரத்தை வைத்துக்கொண்டே கொஞ்சம் வெளியே போய்வரலாம் என்று ஒரு சமரசத்தை முன்வைத்தது. மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்த கேத்தரின் ‘ஒருக்காலும் முடியாது’ என்று கத்தியதாக ஒரு கதை உண்டு. கத்தினாரோ இல்லையோ, சமரசத்துக்கு இறங்காதே என்று கணவரைப் பிடித்து நிறுத்தியவர் அவர்தான். வில்லியம் பதவி விலகினார். சம்பளம் போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. லண்டனில் கேத்தரினின் பெற்றோர் வீட்டில் தங்கி, எங்கிருந்தாவது அழைப்பு வருமா என்று காத்திருந்தார்கள்.

அழைப்பு கார்ன்வாலில் இருந்து வந்தது. ஹேல் என்ற சின்னத் துறைமுக ஊர். சில வாரங்கள் என்று போனவர்கள் அந்தப் பக்கத்திலேயே சுமார் ஒன்றரை வருடம் சுற்றினார்கள். செயின்ட் ஐவ்ஸ், பென்சான்ஸ், ரெட்ரூத் என்று மீனவர்களும் தகரச் சுரங்கத் தொழிலாளிகளும் வாழ்ந்த ஊர்கள். கூட்டம் பெருகப் பெருக மெதடிஸ்ட் தலைமைக்கு எரிச்சல் வந்தது. 1862இல் வெஸ்லியன் என்ற மெதடிஸ்ட் பிரிவின் மாநாடு இத்தகைய சுற்றுப் பிரசங்கிகளுக்கு ஆலயத்தைத் திறக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் என்ற இன்னொரு பிரிவும் அதே வழியில் போனது. அவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிரசங்கி ஆறு வாரம் முழங்கிவிட்டு அடுத்த ஊர் போய்விடுவார். மனந்திரும்பினவர்களை வருடம் முழுக்க வைத்துக் காப்பாற்ற வேண்டியவர் உள்ளூர்ப் போதகர். கன்வென்ஷன் முடிந்த மறுவாரம் எந்தச் சேகரத்துப் போதகரிடமும் கேட்டுப் பாருங்கள், அவரும் இதைத்தான் சொல்வார்.

கதவுகள் அடைபட்டதில் ஒரு நன்மை நடந்தது. 1863இல் கார்டிஃபில் ஆலயம் கிடைக்காமல் சர்க்கஸ் கொட்டகையில் கூட்டம் வைத்தார்கள். ஆலயத்துக்குள் கால் வைக்காதவர்கள் அங்கே வந்தார்கள். வால்சாலில், முன்னாள் குடிகாரர்களையும் குத்துச்சண்டைக்காரர்களையும் திருட்டு வேட்டைக்காரர்களையும் மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்தார் வில்லியம். தங்களில் ஒருவன் பேசினால் ஜனங்கள் காது கொடுக்கிறார்கள் என்பதை அங்கே கண்டுகொண்டார். சேனையின் முறை என்று பின்னால் உலகம் அறிந்தது இந்த அலைச்சலில் உருவானது.

பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரிசையாக வைத்தாலே இவர்கள் போன பாதை தெரிந்துவிடும். மூத்தவர் பிராம்வெல் 1856இல் ஹாலிஃபாக்ஸ். அடுத்து பிரிக்ஹவுஸ். அடுத்த இருவர் கேட்ஸ்ஹெட். ஹெர்பர்ட் 1862இல் பென்சான்ஸ். மேரி 1864இல் லீட்ஸ். கடைசி இருவர் லண்டன் ஹாக்னி. நியாயமா என்று கேட்டீர்கள். கேத்தரினுக்குச் சிறுவயதிலிருந்தே முதுகெலும்புக் கோளாறு, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர். அந்த உடம்போடு பதின்மூன்று வருடத்துக்குள் எட்டுப் பிரசவம், நடுவில் இத்தனை ஊர். வீட்டில் உதவிக்கு வேலைக்காரப் பெண்கள் இருந்தார்கள். நம் சாட்சிக் கதைகளில் அவர்கள் வருவதே இல்லை. அவர்கள் இல்லாமல் இந்த ஊழியம் ஒரு வாரம் ஓடியிருக்காது. பிள்ளைகள் எட்டுப் பேரில் மூவர், பாலிங்டன், கேட் என்ற மகள், ஹெர்பர்ட், பிற்காலத்தில் சேனையை விட்டே விலகிப் போனார்கள். அதற்குச் சிறுவயது அலைச்சல்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். தகப்பனே தளபதியாகவும் இருந்தது பெரிய காரணம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் இவர்கள் இணை ஊழியர்கள் ஆகவில்லை. லீட்ஸ் பக்கம் இருந்த காலத்தில் தனித்தனியாகக் கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். அவர் ஒரு ஊர், இவர் ஒரு ஊர். பேச்சு முறையும் வேறு வேறு. வில்லியம் நெருப்பாகக் கொட்டுவார். கேத்தரின் கறுப்பு உடையில் அமைதியாக நின்று, வக்கீல் வாதாடுவது போல ஒவ்வொரு தப்பும் வழியையும் அடைத்துக்கொண்டே வருவார். 1865இல் குடும்பம் லண்டனுக்குப் போனதும் கேத்தரினுக்கு ராதர்ஹித் சபையிலிருந்து தனியாக வந்த அழைப்பினால்தான். கணவர் பின்னால் வந்து சேர்ந்தார்.

அங்கே கிழக்கு லண்டன் தெருக்களில் பேசிவிட்டு ஒருநாள் இரவு வீடு திரும்பிய வில்லியம், என் இடத்தைக் கண்டுகொண்டேன் என்றார். கேத்தரின் கணப்புத் தீயைப் பார்த்தபடி யோசித்தார். இதுவரை வசதியுள்ளவர்கள் போட்ட காணிக்கையில் சாப்பாடு நடந்தது. இந்த ஏழைகளிடம் என்ன கிடைக்கும்? பிறகு, ஒருமுறை தேவனை நம்பி வந்தோம், இன்னொரு முறையும் நம்பலாம் என்றார். நம்பியதோடு சும்மா இருக்கவில்லை. லண்டனின் வசதியான மேற்குப் பகுதியிலும் கடற்கரை ஊர்களிலும் போய்ப் பிரசங்கித்தார். அந்த வருமானம் குடும்பத்தைத் தாங்கியது. கிழக்கே வில்லியம் ஏழைகளிடம் போக முடிந்ததற்குக் காரணம், மேற்கே மனைவி பணக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தது. ஆகவே ஜெனரல் பெயருக்குத்தான் என்பதும் சரியல்ல, அம்மையார் பக்கத்தில் நின்றார் என்பதும் சரியல்ல.

உங்கள் ஊருக்கு இதில் இருக்கும் தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டு நூல் எழுதும்போது வயிற்றில் இருந்த குழந்தைதான் எம்மா. அவர் 1888இல் ஃபிரடெரிக் டக்கரை மணந்தார். டக்கர் ஐ.சி.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு 1882இல் மூன்று பேரோடு பம்பாயில் இறங்கி, ஊர்வலம் போனதற்காகக் கைதாகி, ஃபக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு திரிந்தவர். எம்மா இங்கே ரஹிமான் என்று பெயர் வைத்துக்கொண்டார். எம்மா எடுத்து வளர்த்த அனாதைப் பையன் ஹாரி ஆண்ட்ரூஸ் அவரோடு இந்தியா வந்தவர். நாகர்கோவிலில் தன் குடியிருப்பின் குளியலறையை மருந்தகமாக்கி வைத்தியம் தொடங்கியவர் அவர்தான். அதுவே வளர்ந்து, 1900இல் டாக்டர் பெர்சி டர்னர் வந்த பிறகு, நீங்கள் அறிந்த கேத்தரின் பூத் மருத்துவமனை ஆயிற்று.

எம்மாவும் கணவரும் 1896இல் அமெரிக்கச் சேனைக்குப் பொறுப்பேற்றார்கள். கணவருக்கு கமாண்டர் என்றும் எம்மாவுக்கு கான்சல் என்றும் பதவிப் பெயர். இவர்களும் பெரும்பாலும் தனித்தனி ரயிலில் தனித்தனி ஊருக்குப் போனவர்கள். 1903 அக்டோபர் 28 அன்று கொலராடோவில் ஒரு குடியேற்றப் பண்ணையைப் பார்த்துவிட்டு, கணவரைச் சந்திக்கச் சிகாகோ போகும் வழியில், மிசௌரி மாநிலத்தில் நடந்த ரயில் விபத்தில் எம்மா இறந்தார். வயது 43. டக்கர் மறுபடி இந்தியா வந்து குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் குடியிருப்புகள் நடத்தினார். சட்டத்தைக் காட்டி மக்களை அடைத்துவைத்த இடங்களைத் தொண்டு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

கடைசியாக அந்தச் சுவரொட்டி விஷயம். சேனையில் ஒரு அதிகாரி, அதாவது போதகர், இன்னொரு அதிகாரியைத்தான் மணக்க வேண்டும் என்பது நீண்டகாலம் விதியாக இருந்தது. அப்படி மணந்த பெண்ணுக்கு நெடுங்காலம் கணவரின் பதவி நிலைதான் தன் பதவி நிலையும். ஜெனரல் பொறுப்புக்கு இதுவரை வந்த பெண்கள் மூவர்: 1934இல் கேத்தரினின் மகள் இவாஞ்சலின், 1986இல் ஈவா பரோஸ், 2011இல் லிண்டா பாண்ட். மூவரும் மணமாகாதவர்கள். ஒரு தம்பதி தொடங்கிய இயக்கத்தில், மனைவியாக இருந்த ஒருவர்கூட அந்த இடத்துக்கு வரவில்லை. பெயரைச் சிறிதாகப் போடும் வழக்கத்துக்கு அமெரிக்க டி.வி.யை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மூன்று தலைமுறை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில் அல்லது ஊரில், கணவர் ஒரு ஊரிலும் தான் ஒரு ஊரிலுமாகக் கூட்டம் நடத்திய பெண் அதிகாரிகள் யாராவது இருந்திருக்கிறார்களா? பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள்.