கரையில ஒதுங்கின அந்த உருளை: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

2023 ஜூலை நடுவுல ஆஸ்திரேலியாவுல, பெர்த்துக்கு வடக்க 250 கிலோமீட்டர் தள்ளி இருக்குற கிரீன் ஹெட் கடற்கரையில ஆள் உயரத்துக்கு மேல ஒரு உருளை ஒதுங்குச்சுல்ல, அதப்பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

கேள்வி: அண்ணா, அது காணாமப்போன மலேசிய விமானத்தோட பாகம்னு அடிச்சு சொன்னாங்களே?

அந்த விமானம் போயிங் 777, அதுல அந்த மாதிரி பாகமே கிடையாதுப்பா. சந்தேகம் வந்தத தப்பு சொல்லல, 2015ல ரீயூனியன் தீவுல அதோட இறக்கைத் துண்டு ஒண்ணு நெசமாவே ஒதுங்குச்சு. ஆனா அந்த விமானத்துல 239 பேர் போனாங்க, "கெடச்சிருச்சு"ன்னு ஒருத்தர் போடுற ஒரு வரிய அவங்க வீட்டு ஆளுங்களும் படிப்பாங்க, அத நினைச்சாதான் எனக்கு மனசு தாங்கல.

கேள்வி: அப்ப சந்திரயான்-3ஓடதா? அத ஏவி ரெண்டு நாள்தானே ஆச்சு?

அதனாலயேதான் இல்லங்குறேன். போட்டோவ பெருசு பண்ணி பாருங்க, மேல கொத்துக்கொத்தா கொட்டலசு, அதான் கப்பல் அடியில ஒட்டுற சின்ன ஓட்டுப்பிராணி, ஒட்டியிருக்கும். அது குஞ்சா மிதந்து வந்து ஒட்டி, ஓடு வளந்து அந்த சைஸுக்கு வர்றதுக்கு ரெண்டு நாள் எந்த மூலைக்கு! நான் எது ஒதுங்கினாலும் மொதல்ல அதத்தான் பாப்பேன், எவ்வளவு பெருசு, எந்தப் பக்கம் மட்டும் ஒட்டியிருக்குன்னு, ஏன்னா தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்த பக்கம் எதுன்னு அதுவே காட்டிக்குடுத்துரும். சந்திரயான் போனது எல்விஎம்3 ராக்கெட்ல, இது இஸ்ரோவோட இன்னொரு ராக்கெட்டான பிஎஸ்எல்வியோட மூணாவது அடுக்கு. ஜூலை 31ஆம் தேதி ஆஸ்திரேலிய விண்வெளி நிறுவனமே பெரும்பாலும் அதுதான்னு சொல்லுச்சு. திட எரிபொருள் எரிஞ்சு தீந்ததும் கழண்டு கடல்ல விழுற அடுக்கு அது, உள்ள காலி, கூடும் லேசான நார்ப்பொருள், அதான் மிதந்துருக்கு.

கேள்வி: ஜப்பான்ல ஒரு இரும்பு உருண்டை வந்துச்சே சார்?

அதே வருஷம் பிப்ரவரி, ஹமாமாட்சு. ஒன்றரை மீட்டர் குறுக்களவு, துருப்பிடிச்ச உருண்டை. அமெரிக்கா சீன பலூன சுட்டு வீழ்த்தின மாசம் அது, அதனால எல்லாரும் உளவு உளவுன்னாங்க. அந்தந்த நேரத்துல செய்தியில என்ன ஓடுதோ அதத்தான் கரையில கெடக்குறதுக்கும் பேரா வைக்கிறாங்க, சந்திரயான் விஷயத்துலயும் இதேதான். ஆனா அந்த உருண்டை மேல நீட்டிக்கிட்டிருந்த வளையத்த பல பேர் கவனிக்கல. சங்கிலி மாட்டுற வளையம் அது, மிதவைக்குத்தான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்தாங்க, உள்ள வெத்துக்கூடு.

கேள்வி: ராட்சச ஆக்டோபஸ் எல்லாம் நெசமா?

2003ல சிலியில ஒதுங்கின சதைக்குவியல அப்படித்தான் சொன்னாங்க. டிஎன்ஏ பாத்தா ஸ்பெர்ம் திமிங்கலம்.

கேள்வி: நாங்க இப்படி எதயாவது பாத்தா என்ன பண்றது?

தொடாதீங்க, முக்கியமா உருளை, டேங்க் மாதிரி இருந்தா. உள்ள எரிபொருள் மிச்சம் இருக்கலாம், நார் உடைஞ்ச எடம் கையில சிலாம்பா ஏறும். தள்ளி நின்னு நாலு பக்கமும் போட்டோ எடுங்க, அளவு தெரியுற மாதிரி பக்கத்துல இருக்குற எதயாவது சேத்து எடுங்க, இணைப்பு, போல்ட், எழுதியிருக்குற நம்பர் எல்லாம் விழணும். அப்புறம் போலீசுக்கு போன் போடுங்க.

கேள்வி: கண்டெடுத்தவங்களே வச்சுக்கலாமா அண்ணா?

ராக்கெட் துண்டுன்னா முடியாது தம்பி. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எங்க விழுந்தாலும் அது அனுப்பின நாட்டோட சொத்துதான், அவங்க கேட்டா திருப்பிக் குடுக்கணும்.