கோர்ட் ஃபைலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா? சான்டா கிளாரா கவுண்டியை வைத்து ஒரு கேள்வி பதில்

கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஒரு சட்ட அலுவலகத்தில் பாராலீகல் (வக்கீல்களுக்கு உதவியாளர்), ஃபைல் எடுக்க சான் ஹோசே கோர்ட்டுக்கு அடிக்கடி போய் வருகிறவள். அதனால் பெரும்பாலும் சான்டா கிளாரா கவுண்டியை வைத்துத்தான் பேசுவேன். கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) ஆளுக்கொரு சுப்பீரியர் கோர்ட், அதாவது முதல்கட்ட விசாரணைக் கோர்ட், விதிகள் எல்லோருக்கும் பொது, வெப்சைட்டும் கிளார்க் உட்காரும் ஜன்னலும்தான் இடத்துக்கு இடம் மாறும். "என் கேஸில் நான் ஜெயிப்பேனா அக்கா" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது வக்கீலுக்கான கேள்வி.

கேள்வி (சன்னிவேல்): கிச்சன் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுக்கப் போகிறோம். அவர் மேல் கேஸ் இருக்கிறதா என்று நான் பார்க்கலாமா? பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடுமா?

தாராளமாகப் பார்க்கலாம், அவருக்குத் தகவல் போகாது, ஏன் கேட்கிறாய் என்று யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள். நம் ஊர் கோர்ட்டில் வழக்குக்குச் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும், அந்தப் பழக்கத்திலேயே நம்மில் பாதிப் பேர் இங்கேயும் ஜன்னல் முன்னால் தயங்கித் தயங்கி நிற்கிறோம். இங்கே கேட்பவர் யார் என்பது பொருட்டே இல்லை.

சுப்பீரியர் கோர்ட் வெப்சைட்டில் பெயர் வைத்துத் தேடுங்கள். கம்பெனி பெயர் ஒரு தடவை, முதலாளி பெயர் ஒரு தடவை. சிவில், ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்குகள்) இரண்டையும் பாருங்கள். வேலையைப் பாதியில் விட்டுப் போனவர் மேல் வீட்டுக்காரர்கள் போடும் கேஸில் பாதி ஸ்மால் கிளெய்ம்ஸில்தான் இருக்கும், தனி ஆள் அங்கே 12,500 டாலர் வரை கேட்கலாம். கேஸ் இருப்பதைப் பார்த்ததும் ஆள் மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். யார் வேண்டுமானாலும் யார் மேலும் கேஸ் போடலாம், கடைசியில் தீர்ப்பா, தள்ளுபடியா, சமரசமா என்று பாருங்கள். இன்னொன்று, கவுண்டி எல்லை. மில்பிடாஸ் சான்டா கிளாராவில், பக்கத்திலேயே இருக்கும் ஃப்ரீமான்ட் அலமீடா கவுண்டியில். மாநிலம் முழுக்க ஒரே இடத்தில் தேடும் வசதி கீழ்க் கோர்ட்டுகளுக்குக் கிடையாது, அதனால் அவர் வேலை பார்க்கும் ஒவ்வொரு கவுண்டியிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். லைசென்ஸ் விவரம் கோர்ட்டில் இருக்காது, அது மாநிலத்தின் கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு தளத்தில்.

கேள்வி (மில்பிடாஸ்): கேஸ் இருப்பது நிச்சயம், சம்மன் என் கையில் வந்தது, இப்போது அந்தத் தாளைக் காணோம். பெயர் போட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் வருகிறது.

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். கோர்ட் அட்டவணைக்குத் தெரிந்தது கடைசிப் பெயர், முதல் பெயர், அவ்வளவுதான். நம்மிடம் இருப்பது அப்பா பெயரும் நம் பெயரும். பாஸ்போர்ட்டில் செந்தில்குமார் ராமசாமி என்று இருப்பவர் கோர்ட்டில் "ராமசாமி, செந்தில்குமார்" ஆக இருப்பார். செந்தில் என்றும் குமார் என்றும் இடைவெளி விட்டு யாராவது எழுதியிருந்தால் அப்பா பெயர் காணாமல் போய் "குமார், செந்தில்" ஆகிவிடுவார். கேஸ் போட்டவர் வாட்சப்பில் பார்த்த பெயரை எழுதியிருந்தால் "ராம், செந்தில்" என்றுகூட இருக்கும். அப்புறம் நம் 'ழ'. ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல், போலீஸ்காரர் காதில் விழுந்தபடி ஏதோ ஒன்று.

ஒரு முறை ஒருவரின் ஃபைலைத் தேடி ஒரு மதியம் முழுக்கத் தொலைத்தேன். கடைசியில் அவர் எஃப்-என்-யு என்ற முதல் பெயரில் இருந்தார். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களுக்கு விசாவில் அப்படி விழும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அது அப்படியே டிரைவர் லைசென்ஸுக்குப் போய், அங்கிருந்து கோர்ட்டுக்கும் வந்துவிட்டது.

அதனால் இரண்டு பெயரையும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள், அப்பா பெயரை மட்டும் போடுங்கள், எஃப்-என்-யு போட்டுப் பாருங்கள். பல தளங்களில் முதல் சில எழுத்துகளுக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால் அதில் தொடங்கும் எல்லாப் பெயரும் வரும். அப்படியும் கிடைக்காவிட்டால், உங்கள் மேல் கேஸ் போட்டவரின் பெயரில் தேடுங்கள், பெரும்பாலும் அது வங்கியோ கடன் வசூல் கம்பெனியோதான், எழுத்துப்பிழை இருக்காது. கேஸ் நம்பர் கிடைத்ததும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், அதற்குப் பிறகு எல்லாமே சுலபம். தேடும் வேலையைக் கிளார்க்கிடமே விட்டால், பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் தேடலுக்கு ஒரு பெயருக்கு 15 டாலர். சம்மனுக்குப் பதில் போடக் கெடு உண்டு, அதை மட்டும் இன்றே பாருங்கள்.

கேள்வி (குப்பர்டினோ): தங்கையின் டைவர்ஸ் கேஸ் வெப்சைட்டில் வருகிறது, எந்தத் தேதியில் என்ன தாக்கல் ஆனது என்ற பட்டியலும் வருகிறது, ஆனால் தாள் எதுவும் திறக்கவில்லை. சீல் வைத்துவிட்டார்களா?

இல்லை. சீல் (நீதிபதி உத்தரவால் ஃபைலை மூடுவது) வேறு, இணையத்தில் காட்டாதது வேறு. கலிபோர்னியா கோர்ட் விதி 2.503 படி, சிவில் கேஸ் தாள்களைப் பொதுமக்களுக்கு இணையத்தில் காட்டலாம். குடும்பம், கிரிமினல், கார்டியன்ஷிப், தொல்லைக்கு எதிரான தடை உத்தரவு போன்றவற்றில் பட்டியலை மட்டும்தான் காட்டலாம், தாளைப் பார்க்க நேரில் போக வேண்டும். சான் ஹோசேயில் குடும்ப வழக்குகளுக்கு நார்த் ஃபர்ஸ்ட் தெருவில் 201-ஆம் எண் ஃபேமிலி ஜஸ்டிஸ் சென்டர். பக்கத்திலேயே 191-இல் சிவில். நம்பரை மாற்றிப் படித்துவிட்டுத் தப்பான வரிசையில் நிற்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். குடும்ப ஃபைலிலும் எல்லாம் திறந்திருக்காது, தாக்கல் செய்த வருமான வரிப் படிவம், குழந்தை கஸ்டடி பற்றிய மதிப்பீட்டு அறிக்கை இதெல்லாம் வெளியாருக்குக் கிடையாது.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்): அப்படியானால் எங்கள் டைவர்ஸ் பேப்பரைச் சொந்தக்காரர் ஒருவர் எடுத்துப் படித்து ஊரெல்லாம் பேசுகிறாரே, மூடவே முடியாதா? நாங்கள் இருவரும் சம்மதம்.

இருவர் சம்மதம் போதாது, வருத்தமாகத்தான் இருக்கும். விதி 2.550 படி, திறந்து வைப்பதைவிட மூடுவதற்குப் பெரிய காரணம் இருக்கிறது என்று நீதிபதி கண்டு உத்தரவு போட வேண்டும், வெட்கம் அந்தக் கணக்கில் வராது. பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். ஹாலிவுட் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் மேல் நடிகை சாண்ட்ரா லாக் போட்ட வழக்கில் நீதிபதி விசாரணையின் சில பகுதிகளைக் கதவு சாத்தி நடத்தியதைத் தப்பு என்று 1999-இல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் சொன்னது, சீல் விதிக்கே அடிப்படை அந்தத் தீர்ப்புதான். டைவர்ஸில் சொத்து விவரத் தாள்களை மூடலாம் என்று 2004-இல் ஒரு சட்டம் வந்தது. கோடீஸ்வரர் ரான் பர்க்கிள் அதை வைத்துக் கேட்டார், 2006-இல் அப்பீல் கோர்ட் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றுவிட்டது.

உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. சோஷியல் செக்யூரிட்டி நம்பர், வங்கிக் கணக்கு நம்பர் இவற்றில் கடைசி நான்கு இலக்கம் மட்டுமே ஃபைலில் இருக்கலாம். மீதியை மறைப்பது தாக்கல் செய்பவரின் பொறுப்பு, கிளார்க் பார்த்துத் திருத்த மாட்டார். உங்கள் தாள்களை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். முழு நம்பர் தெரிந்தால் மறைத்த பிரதியை வைக்க மனுப் போடலாம்.

கேள்வி (சான்டா கிளாரா): சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். ஏழு வருடம் முன்னால் ஒரு சின்ன மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) கேஸ், தள்ளுபடி ஆனது. "சர்டிஃபைட் டிஸ்போசிஷன்" கொண்டு வா என்கிறார்கள். தள்ளுபடி ஆனதற்கும் வேண்டுமா?

வேண்டும். கைது நடந்திருந்தால் தள்ளுபடி ஆனாலும், பிறகு எக்ஸ்பஞ்ச் (குற்றப் பதிவை நீக்கக் கேட்பது) செய்திருந்தாலும், அந்தக் கேஸ் எப்படி முடிந்தது என்று கோர்ட் முத்திரையோடு காட்டத்தான் வேண்டும். கிரிமினல் ஃபைல்களுக்கு வெஸ்ட் ஹெடிங் தெருவில் ஹால் ஆஃப் ஜஸ்டிஸ். பக்கத்துக்கு 50 சென்ட், முத்திரைக்கு 40 டாலர். கையில் பணம் இல்லாதவர்கள் கட்டண விலக்குப் படிவம் பற்றிக் கேளுங்கள்.

ஆனால் உங்களுக்கு ஏழு வருடம் என்பதுதான் சிக்கல். கோர்ட் ஃபைலை என்றென்றும் வைத்திருப்பதில்லை. மிஸ்டிமீனர் பொதுவாக 5 வருடம், குடித்து ஓட்டியது 10 வருடம், ஃபெலனி (பெரிய குற்றம்) 50 வருடம், குடும்ப வழக்கு 30 வருடம் என்று சட்டத்திலேயே கணக்கு இருக்கிறது, அதற்குப் பின் அழிக்கலாம். அழித்தே தீர வேண்டும் என்பதில்லை, பல ஃபைல் தப்பித்துக் கிடக்கும், அதனால் முதலில் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் "தேடினோம், ஃபைல் இல்லை" என்று முத்திரையிட்ட கடிதம் தரச் சொல்லுங்கள், அதை விண்ணப்பத்தோடு வைக்கலாம். இப்போது கேஸ் முடிந்த நிலையில் இருக்கும் மற்றவர்கள், தேவை வரும்வரை காத்திருக்காமல் இரண்டு சர்டிஃபைட் காப்பி வாங்கி வீட்டில் வையுங்கள்.

சும்மா வேக டிக்கெட் வாங்கியவர்கள் பதற வேண்டாம். கைது இல்லாமல், மது, போதை சம்பந்தம் இல்லாமல், 500 டாலருக்குக் குறைந்த அபராதத்தோடு முடிந்ததற்கு ஆவணம் கேட்பதில்லை. ஆனால் படிவம் கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் எழுத வேண்டும்.

கேள்வி (சான் ஹோசே): வேலைக்கான பேக்கிரவுண்ட் செக்கில் வேறொரு கார்த்திக்கின் கேஸ் என் தலையில் விழுந்திருக்கிறது. பிறந்த தேதியை வைத்து நான் இல்லை என்று கோர்ட் தளத்தில் காட்ட முடியாதா?

முடியாது. ரிவர்சைடு கவுண்டி கோர்ட்டில் பிறந்த தேதி போட்டுத் தேட விட்டிருந்தார்கள், 2021-இல் அப்பீல் கோர்ட் அதை விதிக்குப் புறம்பு என்றது. தீர்ப்பு நல்லதுக்குத்தான், ஒரே பெயர்க்காரர்களுக்கு மட்டும் இடி. நேரில் போய் அந்தக் கேஸின் தாள்களைப் பாருங்கள். முகவரி, சம்பவ தேதி, எங்கேயாவது நீங்கள் இல்லை என்பது தெரியும். காப்பி எடுத்து அறிக்கை தந்த கம்பெனிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள், மத்தியச் சட்டப்படி அவர்கள் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்தாக வேண்டும். வேலை தருபவருக்கும் அன்றே ஒரு மெயில்.

கேள்வி (சான்டா கிளாரா): வீட்டுக்காரர் எவிக்‌ஷன் (வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு) போட்டார், பேசி முடித்துவிட்டோம். அடுத்த வீடு தேடும்போது தெரியுமா?

முதல் 60 நாள் அந்த ஃபைல் வெளியாருக்குத் திறக்காது. அதற்குள் வீட்டுக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வராவிட்டால் பொதுவாக அப்படியே மூடியே இருக்கும். எப்போது, எப்படி முடிந்தது என்று உங்கள் ஃபைலில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள், கட்சிக்காரருக்குக் காட்டுவார்கள்.

கேள்வி: கல்யாணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் இதெல்லாம் எந்தக் கோர்ட்டில்?

கோர்ட்டிலேயே இல்லை, கவுண்டி கிளார்க்-ரெக்கார்டர் அலுவலகத்தில். டைவர்ஸ் தீர்ப்பு மட்டும் கோர்ட்டில். இந்தியாவில் காட்ட வேண்டுமென்றால் சர்டிஃபைட் காப்பி வாங்கி, கலிபோர்னியா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று) போட வேண்டும், ஒன்றுக்கு 20 டாலர்.

கேள்வி: கம்பெனி திவால், எச்-1பி வழக்கு, இமிக்ரேஷன் கோர்ட்?

மூன்றுமே கவுண்டி விஷயம் இல்லை. திவாலும், அரசு மேல் போடும் விசா வழக்கும் பெடரல் கோர்ட், பேசர் என்ற தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட். ஒரு ஆவணத்துக்கு 3 டாலருக்கு மேல் போகாது, மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் பில்லே வராது. இமிக்ரேஷன் கோர்ட் ஃபைல் வெளியாருக்குத் திறந்ததல்ல.

கேள்வி (டெக்சஸ், ஃப்ரிஸ்கோ): எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கள் அக்கா.

முதலில் உங்கள் வீடு காலின் கவுண்டியா, டென்டன் கவுண்டியா என்று பாருங்கள், ஃப்ரிஸ்கோ இரண்டிலும் கிடக்கிறது. டெக்சஸில் கிளார்க்கே இரண்டு பேர். ஃபெலனி, டைவர்ஸ், பெரிய சிவில் வழக்கு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். மிஸ்டிமீனர், உயில், பத்திரம் கவுண்டி கிளார்க்கிடம். எவிக்‌ஷனும் 20,000 டாலர் வரையிலான சின்ன வழக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டில். ஒரு ஜன்னலில் இல்லை என்றால் கேஸே இல்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

கேள்வி: நம் ஊர் ஆர்.டி.ஐ. மாதிரி இங்கே எஃப்.ஓ.ஐ.ஏ. போட்டால் வீட்டுக்கே வருமா?

வராது. அது பெடரல் அரசுத் துறைகளுக்கு. கலிபோர்னியாவின் பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ஆக்ட்டும் கோர்ட் ஃபைலுக்குப் பொருந்தாது. கோர்ட்டுக்கென்று இருக்கும் காப்பி கோரும் படிவம்தான் வழி, தபாலிலும் அனுப்பலாம்.

கேள்வி (ஃப்ரீமான்ட்): நீதிபதி முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் பேசியது எனக்கு வரி வரியாக வேண்டும். ஃபைலில் இருக்குமா?

இருக்காது. ஃபைலில் இருப்பது தாக்கல் செய்த தாள், நீதிபதியின் உத்தரவு, அன்று என்ன நடந்தது என்ற சிறு குறிப்பு. பேச்சு வேண்டுமென்றால் அன்று உட்கார்ந்திருந்த கோர்ட் ரிப்போர்ட்டரிடம் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வேண்டும், நூறு வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம், ஒரு நாள் விசாரணைக்கே நல்ல தொகை ஆகும். அதைவிட முக்கியம், இப்போதெல்லாம் சிவில், குடும்ப வழக்குகளில் பல நாள் ரிப்போர்ட்டரே இருப்பதில்லை, நாம் ஏற்பாடு செய்யாவிட்டால் அன்று பேசியது பேசியதோடு போயிற்று. அந்தக் குறிப்பை முதலில் 50 சென்ட் கொடுத்து வாங்குங்கள், ரிப்போர்ட்டர் இருந்தாரா என்று அதிலேயே எழுதியிருக்கும்.