டெக்சாஸ் கல்லூரியில் உலகப் புவியியல் அறிமுகப் பாடம்: நாடும் தலைநகரும் மனப்பாடம் செய்தால் போதுமா?

உங்கள் நிலைமை எனக்குப் புரிந்த வரையில் இதுதான்: டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) சேர்ந்திருக்கிறீர்கள். ஜியாகிரபி 1303, அதாவது வேர்ல்ட் ரீஜனல் ஜியாகிரபி (உலகப் பகுதிகளின் புவியியல்) எடுத்திருக்கிறீர்கள். பூகோளத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டாயிற்று, வெற்று மேப்பில் நாடுகளைக் குறிக்கும் மேப் குவிஸை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. நாடும் தலைநகரும் மனப்பாடம் செய்தால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

மனப்பாடம் மட்டும் போதாது. "பூகோளம்தானே, உருப்போட்டால் ஏ வாங்கிவிடலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அதை நம்பி வருகிறவர்கள்தான் மிட்டெர்மில், அதாவது இடைப்பருவத் தேர்வில், மாட்டிக்கொள்கிறார்கள். மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டும், ஆனால் அது வாசற்படி மட்டும்தான்.

முதலில் நேரக் கணக்கு. 1303 என்ற எண்ணில் முதல் இலக்கம் முதலாண்டுப் பாடம் என்பதைக் குறிக்கும், இரண்டாவது இலக்கம் 3 கிரெடிட். 16 வார செமஸ்டரில் வாரம் 3 மணி நேர வகுப்பு. வெளியே அதற்கு இரு மடங்கு, 6 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இதையே 8 வாரப் பாடமாக எடுத்தால் எல்லாம் இரட்டிப்பாகும். வேலைக்குப் போய்க்கொண்டே 8 வாரப் பாடத்தில் சேராதீர்கள். ஒரு வாரம் தவறினால் ஒரு முழுக் கண்டம் போய்விடும்.

இனி மேப். பெரும்பாலும் எல்லாரும் தடுமாறுவது ஆப்பிரிக்காவில்தான். 54 நாடுகளின் பெயரையும் அகர வரிசையில் உருப்போட்டால் பரீட்சையில் எது எங்கே என்று தெரியாது. ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் கண்டத்தின் வெளிக்கோட்டைச் சுமாராகப் போடுங்கள், அழகு வேண்டாம். குறுக்கே பூமத்திய ரேகையை இழுங்கள். மேற்கிலிருந்து கபோன், காங்கோ குடியரசு, காங்கோ ஜனநாயகக் குடியரசு, உகாண்டா, கென்யா, சோமாலியா என்று அந்தக் கோட்டிலேயே ஆறு நாடு நிற்கும். அடுத்து சகாராவை ஒட்டிய வரிசை: மவுரித்தேனியா, மாலி, நைஜர், சாட், சூடான். மூன்றாவதாக மேற்குக் கரையில் செனகலில் தொடங்கி, அதன் வயிற்றுக்குள் காம்பியா, பிறகு கினி-பிசாவு, கினி, சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட், கானா, டோகோ, பெனின், நைஜீரியா என்று கரையோடு நடந்து வாருங்கள். இந்த மூன்று வரிசையும் கையில் வந்துவிட்டால் மீதி நாடுகள் இவற்றுக்குப் பக்கத்து வீடுகள்தான். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுபடி வரையுங்கள். பார்த்துப் பார்த்து வரைவது கணக்கில் சேராது.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. கினி, கினி-பிசாவு, ஈக்வடோரியல் கினி மூன்றும் ஆப்பிரிக்கா, பப்புவா நியூ கினி ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே. நைஜர் நிலத்தால் சூழப்பட்டது, நைஜீரியாவுக்குக் கடல் உண்டு. இரண்டு காங்கோக்களைப் பிரிக்க ஆற்றை வரையுங்கள்: வடகரையில் பிரசாவில், எதிர்க்கரையில் கின்ஷாசா. பெரிய நாடான காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசா. ஊரில் வைத்திருந்த பழைய அட்லஸைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். 2011இல் தெற்கு சூடான் பிறந்தது, சுவாசிலாந்து 2018இல் எஸ்வாட்டினி ஆனது, மாசிடோனியா 2019இல் வட மாசிடோனியா ஆனது. கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானா 2019இல் நூர்-சுல்தான் என்று மாறி 2022இல் மறுபடி அஸ்தானாவுக்கே திரும்பியது.

இன்னொன்று, பேராசிரியர் பரீட்சைக்கு எந்த வெற்று மேப்பைத் தருவார் என்று முதல் வாரமே கேட்டு, அதிலேயே பழகுங்கள். போன் செயலியில் மெர்கேட்டர் வரைபடத்தில் பழகியவர்களுக்கு, உருண்டைப் பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் வேறு புரொஜெக்‌ஷனில் வந்தால் ரஷ்யாவும் கனடாவும் அடையாளமே தெரியாமல் போகும். மெர்கேட்டர் 1569இல் மாலுமிகளுக்காகப் போட்டது. திசைக்கு நல்லது, பரப்பளவுக்கு ஆகாது. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு பெரியது.

மேப்பைத் தாண்டினால் "ஏன்" கேள்விகள். மதிப்பெண் கரைவது அங்கேதான். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள அடகாமா பாலைவனம் ஏன் அவ்வளவு வறண்டது என்று கேட்டால் பலர் "ஆண்டிஸ் மலை மழையைத் தடுக்கிறது" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். அது மூன்றில் ஒரு காரணம். கிழக்கே அமேசான் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றை ஆண்டிஸ் தடுக்கிறது. மேலேயிருந்து காற்று இறங்கிக்கொண்டே இருக்கும் துணை வெப்பமண்டல உயர் அழுத்தப் பகுதி அது, இறங்கும் காற்றில் மேகம் வளராது. கரையோரம் ஓடும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கீழ்க்காற்றைக் குளிர வைத்துவிடுவதால் அது மேலெழும்பாது, பனிமூட்டம் வரும், மழை வராது. மூன்றையும் எழுதினால்தான் முழு மதிப்பெண். ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் உள்ள நமீப் பாலைவனத்துக்குப் போனால் குளிர் நீரோட்டத்தின் பெயர் பெங்குவேலா, உயர் அழுத்தம் அதேதான், ஆனால் ஆண்டிஸ் போன்ற மலைத்தொடர் அங்கே இல்லை. இப்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒன்றைப் படித்தால் மறக்காது.

ஒரு ஊரின் மாதவாரி வெப்பத்தைக் கோடாகவும் மழையைக் கம்பங்களாகவும் காட்டும் தட்பவெப்ப வரைபடம் கொடுத்து ஊரைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதில் மழையை முதலில் பார்க்காதீர்கள், வெப்பக் கோட்டைப் பாருங்கள். நடு ஆண்டில் மேடு என்றால் வட அரைக்கோளம், பள்ளம் என்றால் தென் அரைக்கோளம், தட்டையாக இருந்தால் பூமத்திய ரேகைக்கு அருகில். பிறகு மழைக் கம்பங்கள்: கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை என்றால் மத்தியதரைக்கடல் வகை. அது மத்தியதரைக்கடலைச் சுற்றி மட்டுமில்லை, கலிபோர்னியா, மத்திய சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை ஆகியவற்றிலும் உண்டு. வரைபடத்தில் இருப்பது பாரன்ஹீட்டா செல்சியஸா என்று ஓரத்தில் பார்த்துவிடுங்கள். நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான்.

கணக்கு கொஞ்சம் வரும். பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 36, இறப்பு 8 என்றால் வித்தியாசம் 28. ஆயிரத்துக்கு 28 என்பது 2.8 சதவீதம், பத்தால் வகுக்க மறக்கக் கூடாது. இரட்டிப்பாகும் காலத்துக்கு ஒரு குறுக்கு வழி, 70ஐ வளர்ச்சிச் சதவீதத்தால் வகுப்பது: 70ஐ 2.8ஆல் வகுத்தால் 25, மக்கள்தொகை இரட்டிப்பாக அத்தனை ஆண்டு. இதில் குடிபெயர்வு சேராது. அளவைக் கேள்வியில் 1:24,000 மேப்புக்குப் பெயர் பெரிய அளவை, 1:10,00,000க்குச் சிறிய அளவை. எண் பெரிதாக இருப்பதால் மாற்றி எழுதிவிடுவார்கள். பின்னமாக நினைத்தால் குழப்பம் தீரும்: 24,000இல் ஒரு பங்கு, 10,00,000இல் ஒரு பங்கைவிடப் பெரியது. முதல் மேப்பில் 1 செ.மீ. என்பது தரையில் 240 மீட்டர்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊரில் எத்தனை பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் புவியியல் கிடைக்கிறது? மேப்பில் புள்ளி வைத்தால் மதிப்பெண் என்று பழக்கிவிட்டு, அந்தப் புள்ளி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்காமலேயே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். உங்கள் பயத்துக்குக் காரணம் நீங்கள் இல்லை.

எல்லாக் கல்லூரியிலும் இப்படியே இருக்காது என்று சிலர் வருவார்கள். ஆமாம், உங்கள் பேராசிரியரின் சிலபஸ்தான் முடிவு. அதனால்தான் தெற்காசியப் பகுதி வரும்போது ஒரு எச்சரிக்கை: அமெரிக்கப் புத்தகங்களில் காஷ்மீர் எல்லை புள்ளிக்கோடாக இருக்கும், நாம் பள்ளியில் வரைந்த இந்தியா அதில் இருக்காது. மேற்காசியா என்று நாம் படித்ததை மத்திய கிழக்கு அல்லது தென்மேற்கு ஆசியா என்பார்கள். குவிஸில் வகுப்பு மேப்பில் உள்ளபடி குறியுங்கள். உங்கள் கருத்தை வகுப்பு விவாதத்தில் எழுதுங்கள், எல்லைகளை யார் வரைகிறார்கள் என்பதும் அந்தப் பாடத்தில் ஒரு தலைப்புதான்.